பிரஷர் மதரின் சபை

உலகத்தில் முதலில் சபை வரும், பிறகு மடம் வரும், அதற்குப் பிறகுதான் உடுப்பு வரும். முதலில் உடுப்பைத் தைத்து வைத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொள்ள ஒரு சபையைத் தேடிப் போன ஒரே மனுஷி எங்கள் ஆவடி சேக்காட்டு பிரஷர் மதர்தான். அந்த உடுப்பைத் தைத்தவன் நான் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைப்பையில் பர்ஸ் இருக்கிறதோ இல்லையோ, பிரஷர் பார்க்கிற கருவி இருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பிடித்து நாடி பார்ப்பார், அப்புறம்தான் வணக்கம் சொல்வார். ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அம்பத்தூரில் இறங்குவதற்குள் அவருக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் தடை செய்யப்பட்டிருக்கும். ஒரு கல்யாணத்தில் மொய்க் கவரைக் கொடுக்க மேடை ஏறியவர், மாப்பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "மஞ்சக் காமால. பந்தில இவருக்கு எண்ணெப் பலகாரம் வெக்காதீங்க" என்று போட்டோவுக்கு நிற்கும்போதே சொல்லிவிட்டார். பெண் வீட்டார் அவரைச் சாப்பிடவிடாமல் அனுப்பினார்கள். அந்த வாரமே மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தார். கூடத் துணைக்கு இருந்தது யார் என்கிறீர்கள்? இந்த அம்மாதான். சாப்பாட்டையும் அந்த வீட்டிலேயே வசூலித்துக்கொண்டார்.

அப்போதெல்லாம் அவர் வெறும் பிரஷர் அம்மா. ஒரு நாள், தான் ஒரு கன்னியர் சபை தொடங்கப்போவதாக டீக்கடையில் அறிவித்தார். நர்ஸ் படித்த பெண்கள் கத்தோலிக்க சிஸ்டர்களாக வாழ்ந்து, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் திட்டம். "அப்ப நீங்க அம்மா இல்ல, மதர்" என்று டீக்கடைப் பையன்கள் அங்கேயே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். ஆயர், அதாவது பிஷப், கொடுக்க வேண்டிய பதவி அது. பையன்கள் முந்திக்கொண்டார்கள்.

என் கடைக்கு அவர் வந்ததே ஒரு கூத்து. நான் ஜென்ட்ஸ் டெய்லர். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்குப் பேன்ட் சட்டை தைத்தே காலம் தள்ளுகிறவன். பெண்களோடு பேசவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அளவெடுப்பது எங்கே?

"லேடீஸ் டெய்லர் அந்தப் பக்கம்மா" என்றேன், தலையைத் தூக்காமல்.

"தெரியும் நைனா. அவங்களுக்குப் பாக்கெட் வெக்கத் தெரியாது. பொம்பள டிரஸ்ல பாக்கெட் வெக்கிறவன் இந்த ஆவடில ஒருத்தன் கெடையாது. எனக்கு ஒம்போது வோணும்."

கத்தரிக்கோலுக்கு ஒன்று, பஞ்சுக்கு ஒன்று, கட்டுத் துணிக்கு ஒன்று, கையுறைக்கு, சர்க்கரை பார்க்கும் கருவிக்கு, தெர்மாமீட்டருக்கு, களிம்புக்கு, போனுக்கு. ஒன்பதாவது பிஸ்கட்டுக்கு.

"பிஸ்கட்டா?"

"சக்கரை எறங்கிப் போய் மயக்கம் போட்டவனுக்கு. எனக்குன்னு நெனச்சியா?"

அளவெடுக்க நான் படும் பாட்டைப் பார்த்து, டேப்பைப் பிடுங்கித் தானே எடுத்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். "முப்பத்தெட்டு, நாப்பது, நூத்தி அம்பது, தொண்ணூறு" என்றார். எதற்கு நூற்றைம்பது என்று புரியாமல் நிமிர்ந்தால், என் இடது கையில் பட்டை கட்டியிருக்கிறது. "கடைசி ரெண்டும் உன் பிரஷரு. நாளைலேந்து ஊறுகாய நிறுத்து."

துணியின் நிறம் அடுத்த சிக்கல். வெள்ளை ஒரு சபைக்காரர்களுடையது, சாம்பல் இன்னொரு சபை, காப்பிக்கொட்டை நிறம் வேறொரு சபை. எந்த நிறத்தைத் தொட்டாலும் அதில் ஏற்கெனவே யாரோ துறவு பூண்டிருந்தார்கள். கடைசியில் ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற பச்சையைப் பிடித்தார். "இத்த எவளும் எடுக்கல" என்றார், மனைப்பட்டா வாங்கியவர் போல.

உடுப்பு தயாரானதும் பங்குக் கோயில் ஃபாதரிடம் காட்டப் போனார். அவர் ஒவ்வொரு பாக்கெட்டாக விசாரித்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, ஜெபமாலைக்கு எங்க இடம்?" என்று கேட்டாராம். இந்த அம்மா ஒரு நொடி விழித்திருக்கிறார். "பிஸ்கட்டோட வெச்சுக்கலாம் ஃபாதர், ரெண்டும் அவசரத்துக்குத்தானே."

நான் கிறிஸ்தவன் இல்லை. படித்ததும் ஐந்தாவதோடு சரி. அதனால் ஒரு சந்தேகம் கேட்டேன். "ஏம்மா, நல்லது செய்யிறதுக்கு எதுக்குங்க பெரியவங்க அனுமதி?"

"நல்லது செய்யிறதுக்கு எவன் அனுமதியும் வாணாம். சிஸ்டர்னு சொல்லிகினு செய்யத்தான் வோணும்" என்றார். "நாளைக்கு நான் போய்ச் சேந்துட்டா இந்தப் பொண்ணுங்கள யாரு பாத்துப்பா? ஆயரு கையெழுத்துப் போட்டார்னா சபை பாத்துக்கும். இல்லாட்டி இது ஒரு கெயவியோட கிறுக்கு. என்னோட செத்துடும்."

பொண்ணுங்க என்றது ஸ்டெல்லா, ஜெசிந்தா என்று இரண்டு பேரை. இருவரும் நர்ஸிங் முடித்தவர்கள். ஸ்டெல்லாவின் அப்பா குவார்ட்டர்ஸ்காரர், என் வாடிக்கைக்காரர். "ஆயர் சரின்னு சொன்னா எனக்கும் சரி. முடியாதுன்னு சொல்லிட்டா மறுநாள் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பேன்" என்று என் கடையில் உட்கார்ந்தே கறாராகச் சொல்லியிருந்தார். ஜெசிந்தா வீட்டிலும் அதே பேச்சு. ஆக, ஆயர் தலையாட்டாவிட்டால் சபையில் மிச்சம் பிரஷர் மதர் ஒருவர்தான்.

அனுமதி வருகிற வரை உடுப்பைப் பெட்டியில் வைத்திருக்கலாம். அந்த அம்மாவுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? "போட்டுப் பாத்தாத்தானே பாக்கெட் தாங்குதான்னு தெரியும்" என்று ஸ்டெல்லாவையும் அழைத்துக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு காலனிக்குக் கிளம்பிவிட்டார். ஒரு வீட்டில் மணி அடித்தார்கள். கதவைத் திறந்த மருமகள் பச்சை உடுப்பைப் பார்த்தாள், உள்ளே போனாள், இரண்டு வாளியோடு வந்தாள்.

"இது மக்குற குப்பை, இது மக்காத குப்பை. எங்க ரெண்டு நாளா வரவே இல்ல?"

குப்பை வண்டிக்காரர்களின் மேல்சட்டையும் கிட்டத்தட்ட அதே பச்சை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டெல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. மதர் அசரவில்லை. இரண்டு வாளியையும் வாங்கிக்கொண்டு போய்த் தெருமுனைத் தொட்டியில் கொட்டி, வாளியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே, "உள்ள யாரோ மொனவுற மாரி கீதே?" என்றார்.

"என் மாமியார். எழுந்திரிக்க முடியாது. நீங்க குப்பை எடுக்கறவங்கதானே?"

"ஆமாம்மா. எல்லாத்தையும் எடுப்போம். கொஞ்சம் வெந்நி வெய்யி."

அந்தக் கிழவிக்கு முதுகெல்லாம் படுக்கைப் புண். அன்று சாயங்காலம் வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்களும் கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தக் காலனியில் பச்சை உடுப்புக்குத் திறக்காத கதவு இல்லை. ஆனால் அதே வாரத்தில் யாரோ ஒருவர், ஆவடிப் பக்கம் போலி சிஸ்டர்கள் திரிகிறார்கள் என்று ஆயர் இல்லத்துக்குச் சொல்லிவிட்டார். உடனே கிளம்பி வரும்படி ஆள் அனுப்பினார்கள்.

"நீயும் வா நைனா" என்றார் மதர்.

"நான் எதுக்கும்மா? எனக்குப் பேச வராதே."

"பேச நான் கீறேன். தச்சவன் யாருன்னு கேட்டா, நீ சும்மா நின்னா போதும்."

ரயிலில் போகும்போது வழக்கமாக எதிர் சீட்டுக்காரரின் நாடியைப் பிடிக்கிறவர், அன்று யார் கையையும் தொடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆயர் மெலிந்த மனிதர். மெதுவாகப் பேசினார். மதர் எழுதிக் கொடுத்திருந்த சபை விதிகள் அவர் முன்னால் இருந்தன. பாதி அறைக்குக் கேட்கிற குரலில், "அம்மா, உடுப்பை அனுமதி இல்லாம போட்டது தப்பு" என்றார்.

"தப்புதான் ஆண்டவரே." ஆயரை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல்முறை கேட்டபோது நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

"நோயாளிகளைப் பார்க்க ஏற்கெனவே சபைகள் இருக்கே. ஆஸ்பத்திரியே நடத்தறாங்க. நீங்க அதுல சேர்ந்துடலாமே?"

"அவங்க ஆஸ்பத்திரில கீறாங்க ஆண்டவரே. நோயாளி ஊட்ல கெடக்கிறான். நடுவுல ஆட்டோக்குக் கூட காசில்லாம கீறான்."

ஆயர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஒரு விதியில் விரலை வைத்தார். "இதை எடுத்துடணும். 'ஜெப நேரத்தில் நோயாளி கூப்பிட்டால் ஜெபத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். கடவுள் காத்திருப்பார், சீழ் காத்திருக்காது.' ஒரு துறவற சபையில இப்படி எழுத முடியாதும்மா. ஜெபம்தான் முதல்ல. இதை எடுத்தா மேற்கொண்டு பேசலாம்."

மதர் வாயைத் திறந்தார். எடுக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறார், ஸ்டெல்லாவுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சமையல்காரப் பெரியவர் டீ கொண்டுவந்தார். கோப்பைகள் தட்டில் கடகடவென்று ஆடின. மதர் ஆயரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். நெற்றி முழுக்க வேர்வை.

"அண்ணாத்தே, சக்கரைக்கு மாத்திர போடுறீங்களா?"

"ஆமாம்மா."

"காலைல இன்னா துன்னீங்க?"

"இன்னிக்கு விருந்தாளிங்க நிறைய பேர். அதான் இன்னும்..."

அவர் முடிக்கவில்லை. மதர் எழுந்து தட்டை வாங்கினார். வைப்பதற்கு மேசையில் இடமில்லை, எல்லாம் காகிதம். அதனால் ஆயரின் கையிலேயே கொடுத்தார். "இத்தக் கொஞ்சம் புடிங்க ஆண்டவரே" என்றபடி, ஒன்பதாவது பாக்கெட்டிலிருந்து பிஸ்கட்டை உருவிப் பெரியவர் வாயில் வைத்து, தோளில் தாங்கிச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய்விட்டார்.

ஆயர் டீத்தட்டோடு நின்றார். நான் ஓடிப்போய் வாங்கியிருக்க வேண்டும். கை எழவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். அவரும் என் ஜாதிக் கூச்சக்காரர் என்று அப்போதுதான் புரிந்தது.

"எடுத்துக்குங்க" என்றார் கடைசியில். நான் ஒரு கோப்பை எடுத்தேன். அவர் ஒன்று எடுத்துக்கொண்டு, தட்டைக் காகிதங்களின் மேலேயே வைத்தார். சபை விதிகளின் மேல்தான்.

"அவர் பல வருஷமா எனக்குச் சமைச்சுப் போடறார்" என்றார். "சர்க்கரை இருக்கறது எனக்குத் தெரியாது."

நான் டீயைக் குடித்தேன்.

"நீங்கதான் அந்த உடுப்பைத் தைச்சவரா?"

தலையாட்டினேன்.

"அத்தனை பாக்கெட்டும் கனம் தாங்குதா?"

தொழில் விஷயம் என்றதும் எனக்கு எப்படியோ வாய் திறந்துவிட்டது. உள்ளே இரட்டைத் துணி கொடுத்திருக்கிறேன், மூலையில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறேன், ஸ்கூட்டியில் உட்கார்ந்தாலும் கத்தரிக்கோல் குத்தாது என்றேன். ஆயர் கவனமாகக் கேட்டார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "இந்த அங்கியில ஒரு கண்ணாடிக் கூடு வைக்கிற மாதிரி முடியுமா?" என்றார். முடியும் என்றேன்.

மதர் திரும்பி வர நேரமாயிற்று. வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். "அவருக்கு இப்ப பரவால்ல. மதியம் அவரு சாப்ட்டப்புறம்தான் நீங்க சாப்புடணும். எங்க வுட்டோம்?"

"அந்த விதியில" என்றார் ஆயர்.

"அத்த எடுக்க முடியாது ஆண்டவரே."

ஆயர் தட்டைத் தூக்கினார். விதியின் மேல் வட்டமாக டீக்கறை. அதை விரலால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை.

"இருக்கட்டும்" என்றார்.

அனுமதி முழு அனுமதி இல்லை. இப்போதைக்கு ஒரு பக்தக் குழுவாக நடத்திக் காட்ட வேண்டும். சிஸ்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, உடுப்பு போடக் கூடாது. ஜெபத்தையும் விடாமல் சில வருஷம் ஒழுங்காக நடந்தால் அடுத்த படி. அப்படித்தான் எல்லாச் சபையும் ஆரம்பித்ததாம். கையெழுத்து அன்றே விழுந்தது.

அத்தனை பாடுபட்டுத் தைத்த உடுப்பு போயிற்றே என்று ரயிலில் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மதர் எதிர் சீட்டுக்காரரின் நாடியைப் பிடித்தபடியே, "நைனா, சுடிதார்ல ஒம்போது பாக்கெட் வருமா?" என்றார்.

ஸ்டெல்லாவின் அப்பா மறுநாள் கடைக்கு வந்து, சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மூன்று சுடிதாருக்குத் துணியும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

இப்போது அவர்கள் ஏழு பேர். நசரத்பேட்டையில் ஒரு வீடு கிடைத்து எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்கள் போகாத வீடு இல்லை என்கிறார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் பயமில்லாமல் ஊறுகாய் சாப்பிடுகிறார்கள். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

போன மாதம் மெஷின் ஊசி என் விரலில் ஏறிவிட்டது. எங்கள் தெருவிலேயே இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, பூந்தமல்லியில் பஸ் மாறி நசரத்பேட்டைக்குப் போனேன்.