சரக்குப் பட்டியலில் ஒரு தங்கை

ஒரு பாடகி பாட வேண்டுமென்றால் அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது பொதுவாக எல்லாரும் ஒப்புக்கொள்கிற விஷயம். எங்கள் தெரு இசைத்தட்டுக் கடைக்காரரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கையின் முதல் இசைத்தட்டு அந்தச் சனிக்கிழமை வெளிவருவதாக இருந்தது. வெளியீட்டன்று கடையிலேயே அவள் நேரடியாகப் பாடுவாள் என்று கண்ணாடிக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். அதில் 'நேரடியாக' என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதியதுதான் அவர் செய்த தப்பு.

கடை, குடை ரிப்பேர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இடுக்கில் சொருகினாற்போல இருக்கும். தரையிலிருந்து கூரை வரை இசைத்தட்டுகள். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் கடைக்காரர் பக்கவாட்டில் நடக்க வேண்டும். அந்தச் சமயம் இசைத்தட்டு வாங்குவது பெரிய நாகரிகமாக இருந்தது. வருகிறவர்கள் உறையை முகர்ந்து பார்ப்பார்கள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள், இரண்டு வாங்கிப் போவார்கள். "வீட்ல என்ன பிளேயர் வெச்சிருக்கீங்க?" என்று கடைக்காரர் ஒருமுறை கேட்டதற்கு, ஒருவர் தன் சம்பளத்தைக் கேட்டதுபோல் முறைத்துவிட்டுப் போனார். உறையைப் பிரித்தால் மதிப்பு போய்விடும் என்பது அவர்கள் கொள்கை.

தங்கைக்குப் பார்சல் ஆபீஸில் எடை போடும் வேலை. எடை போட்டபடியே மெதுவாகப் பாடுவாள். பாதிப் பாட்டில் மேலாளர் வந்துவிடுவார். வீட்டில் பாடினால் பாதியில் குக்கர் கத்தும், அல்லது அண்ணன் கூப்பிடுவார். இத்தனை வயதுக்கு ஒரு பாட்டைக் கூடப் பிறர் முன்னால் முழுசாகப் பாடி முடித்ததில்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு அந்த இசைத்தட்டைக் கொண்டுவந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

அறிவிப்பு ஒட்டிய மறுநாளே ஒலி, எதிரொலி மற்றும் பொது அமைதி ஒழுங்குமுறை அலுவலகத்தின் துணை மேற்பார்வையாளர் கடைக்கு எழுந்தருளினார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். எதையும் அனுமதிக்கவும் மாட்டார்.

"இங்க யாரோ நேரடியா, அதாவது உயிரோட, பாடப் போறதா தகவல் வந்திருக்கு," என்றார்.

"ஆமா சார். என் தங்கச்சிதான்."

"உயிரோடதானா? நிச்சயமா?"

"காலைல வேலைக்குக் கிளம்பும்போது உயிரோடதான் இருந்தா சார்."

அதிகாரி வருத்தமாகத் தலையை ஆட்டினார். "அங்கதான் சிக்கல். உங்க கடைக்குப் பதிவு செஞ்ச இசைக்கு மட்டும்தான் அனுமதி. உயிருள்ள இசைன்னா மண்டப அனுமதி வேணும். மண்டபம்னா ரெண்டு வாசல் இருக்கணும்."

"இருக்கிற ஒரு வாசலே பாதிதான் சார் திறக்கும். வேற வழியே இல்லையா?"

"வழி வெக்காம சட்டம் போடுவோமா?" என்று அதிகாரி லேசாகக் கோபித்துக்கொண்டார். "சரக்கோட தரத்தைக் காட்டுறதுக்காக, கடையில சரக்கைப் பாட விடலாம். அது விதியிலேயே இருக்கு. உங்க தங்கச்சிகிட்ட சரக்கு இருக்கா?"

"நிறைய இருக்கு சார்! அண்ணன்கிறதால சொல்றேன்னு நினைக்காதீங்க..."

"இருந்தாப் பத்தாது. சரக்காவே இருக்கணும்."

கல்லாவில் இருந்த கடைக்காரரின் மனைவி எழுந்து வந்தாள். "என்ன சார் இது? மனுஷியைப் போய்ச் சரக்குப் பட்டியல்ல சேக்கிறதா?"

"ஏம்மா, எங்க ஆபீஸ்ல மேஜை, மின்விசிறி, தற்காலிக எழுத்தர் எல்லாம் ஒரே பட்டியல்லதான் இருக்கு. இதுவரைக்கும் யாரும் மனசு சங்கடப்படலையே."

பிறகு அவர் சரக்குக்குரிய இலக்கணத்தை விளக்கினார். உறை இருக்க வேண்டும். விலைச்சீட்டு இருக்க வேண்டும். முக்கியமாக, பாடும்போது சுழல வேண்டும்.

"எவ்வளவு வேகமா சார்?"

"ரெக்கார்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்து சுத்துதாம்."

"வாந்தி எடுத்துடுவா சார்!"

"வாந்தி சுகாதாரத் துறை. எங்க வரம்புக்குள்ள வராது." கடைக்காரரின் முகத்தைப் பார்த்து அதிகாரிக்கே இரக்கம் வந்துவிட்டது. "சரி, சுத்தணும்னுதான் விதி சொல்லுது. வேகத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. மெதுவாவே சுத்தட்டும். ஆனா பாதியில திருப்பிப் போடணும். ரெண்டாம் பக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இரண்டாம் பக்கத்தின்போது தங்கை நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து பாடினால் போதும் என்று அதிகாரி பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் தங்கையிடம் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "பாட விட்டாப் போதும் அண்ணா. தலைகீழா நின்னு பாடுன்னாலும் பாடுறேன்."

"மெதுவாப் பேசு," என்றாள் அண்ணி. "காதுல விழுந்தா அதையும் விதியில சேத்துடுவாங்க."

யாரும் தவறிக்கூட வாங்கிவிடக் கூடாதே என்று, கடையிலிருந்த எல்லா இசைத்தட்டுகளின் விலையையும் கூட்டி, அதை நாத்தனாரின் விலைச்சீட்டில் அண்ணியே எழுதினாள்.

சனிக்கிழமை கூட்டம் குடைக்கடை வாசல் வரை நின்றது. ஜெராக்ஸ் கடையில் இரவல் வாங்கிய சுழல் நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கழுத்திலிருந்து முழங்கால் வரை அட்டை உறை. தோளில் விலைச்சீட்டு. அண்ணன் பின்னாலிருந்து நாற்காலியை மெல்லத் தள்ளினார். அதிகாரி ஓரமாக நின்று, சுழல்கிறதா என்று கண்காணித்தார். அவள் பாட ஆரம்பித்தாள்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் கையை விட்டதுபோல இருந்தது. ஆனால் அன்றைக்கு அதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. அவள் முகம் இந்தப் பக்கம் வரும்போது எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். முகம் அந்தப் பக்கம் போனதும் எடுத்த போட்டோவைச் சரிபார்த்தார்கள். பாட்டு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

முன்வரிசையில் ஒரு தாடிக்காரர் கையைத் தூக்கினார். சுவர் நிறைய இசைத்தட்டு மாட்டியிருப்பவர் என்று ஊரில் பெயர் பெற்றவர். "இது எத்தனை பிரதி வந்திருக்கு?"

"இதுவா? எங்க அம்மாவுக்கு ஒரே பொண்ணுங்க," என்றார் கடைக்காரர் வெகுளியாக.

கடைக்குள் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரே பிரதி!" தாடிக்காரரின் குரல் நடுங்கியது. "நான் வாங்கிக்கிறேன். பேக் பண்ணுங்க."

கடைக்காரர் சிரித்தார். சிரிப்பவர் தாம் மட்டும்தான் என்று தெரிந்ததும் நிறுத்தினார். "சார், இது என் தங்கச்சி."

"விலை போட்டிருக்கே?"

கடைக்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "விலை போட்டு வெச்ச சரக்கை விக்க மாட்டேன்னு சொல்றது குற்றம். எனக்கும் தங்கச்சிங்க இருக்காங்க. ஆனா ஒண்ணுகூடப் பட்டியல்ல இல்ல."

நடப்பது எதுவும் தங்கைக்கு முழுசாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துண்டுதான் கண்ணில் பட்டது. முதல் சுற்றில் அண்ணன் முகம் வெளுத்திருந்தது. அடுத்த சுற்றில் தாடிக்காரர் செக் புத்தகத்தைத் திறந்துகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் அவரோடு வந்தவர் அவளைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுபோவதா, நிற்கவைத்தா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்தலாமென்றால் சரக்கு நடுவில் பேசக் கூடாது. அவள் கண் கலங்கியது. அதையும் போட்டோ எடுத்தார்கள்.

அண்ணி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, நாற்காலி சுற்றி வரும்போது அவள் காதில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"மழை நின்ற பின்னாலும் குடை விரித்தேன்..." என்று பாடிக்கொண்டிருந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். "குடை விரித்தேன்... குடை விரித்தேன்... குடை விரித்தேன்..."

குடை ரிப்பேர்க்காரர் எட்டிப் பார்த்து, "என்னையா கூப்பிட்டீங்க?" என்றார்.

"கீறல் விழுந்துடுச்சு!" என்று அண்ணி கூவினாள். "பழுதான சரக்கு. விட்டுடுங்க சார், வேற நல்லதா எடுத்துத் தர்றேன்."

தாடிக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கீறலோட ஒரே பிரதி! உலகத்துலயே வேற எவன்கிட்டயும் இருக்காது!" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் இரண்டு மடங்கு தருவதாகக் கத்தினார். இன்னொருவர் தன் காரையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.

அண்ணி விடவில்லை. நேராக அதிகாரியிடம் போனாள். "சார், பழுதான சரக்கைத் தெரிஞ்சே விக்கலாமா?"

"கூடவே கூடாதும்மா. அதைவிடப் பெரிய குற்றம் எங்க புத்தகத்துல இல்ல. தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பிடணும்."

"தயாரிப்பாளர் எங்க அத்தைதான். ரெண்டு வீடு தள்ளி இருக்காங்க."

அப்படியே நாற்காலியோடு தெருவில் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவள் "குடை விரித்தேன், குடை விரித்தேன்" என்றே வந்தாள். அதிகாரி கூடவே நடந்தார். அம்மா கதவைத் திறந்தாள்.

"இந்தச் சரக்குல ஒரு குறை இருக்கிறதா சொல்றாங்க. நீங்க திருப்பி எடுத்துக்கிறீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொறந்ததுலேருந்தே இப்படித்தான் சார். ஒரே விஷயத்தை நூறு தடவை சொல்லுவா. உள்ள விடுங்க, காலைலேருந்து சாப்பிடலை."

கடைக்காரருக்கு அன்று ஒரு தட்டும் மிஞ்சவில்லை. எல்லாரும் அந்த இசைத்தட்டை வாங்கிப் போய், பிரிக்காமல் சுவரில் மாட்டினார்கள். கடைக்கடையாக நாற்காலியில் சுற்றிக்கொண்டே ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிற நேரடி நிகழ்ச்சிகள் கிளம்பின. நிஜத் தங்கையை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவள் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டதால் மதிப்புக் குறைந்துவிட்டதாம்.

அம்மா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அந்தப் பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தாடிக்காரர் அன்றைக்கே புகார் கொடுத்தார். அதில் தெருவே கையெழுத்துப் போட்டது. அதிகாரி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"அவங்க பாட்டுதானே உங்க வீட்டுச் சுவத்துல இருக்கு?" என்று தாடிக்காரரிடம் கேட்டார்.

"அதனாலதான் சார் சொல்றேன். சுவத்துல இருக்கிறது ஒரிஜினல். அதை நிம்மதியா பாத்து ரசிக்க முடியலை. இது போடுற சத்தம் தாங்கலை!"

உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. அதிகாரி அதை நிறுத்தச் சொல்லத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. பாட்டு முடியும்வரை அவர் அசையவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே போனார்.

"நல்லா இருந்துச்சும்மா," என்றார் மெதுவாக. "ஆனா நான் கேக்கலைன்னு வெச்சுக்குங்க. கேட்டிருந்தா நடவடிக்கை எடுக்கணும்."

"அப்ப நான் இனிமே பாடலாமா சார்?"

"திருப்பி அனுப்பின சரக்கு வாயைத் திறக்கக் கூடாதும்மா." சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே தங்கை பார்சல் வேலையை விட்டுவிட்டு, பக்கத்துத் தெருப் பல் மருத்துவமனையில் சீட்டு கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் மயக்க ஊசி தீர்ந்துபோனது. பல் பிடுங்கும் அறையிலிருந்து வந்த அலறல் தாங்காமல் அவள் உள்ளே போய்ப் பாட ஆரம்பித்தாள். நோயாளி அடங்கிவிட்டார். வலி தெரியாமல் இருக்கப் பாடுவது சிகிச்சை. சிகிச்சை ஒலி அலுவலகத்தின் வரம்புக்குள் வராது. ஆனால் சிகிச்சையை நோயாளிக்கு மட்டுமே தர முடியும் என்பதால், பல் பிடுங்கிக்கொள்கிறவர் மட்டும்தான் கேட்கலாம். கதவை இறுகச் சாத்திவிடுவார்கள்.

முதலில் போனவர் அதிகாரி. அவருக்கு ஒரு பல்லிலும் சொத்தை இல்லை. இருந்தாலும் வாரா வாரம் போகிறார். இப்போது அவர் விதிகளைப் படித்துக் காட்டினால் பாதிக்குமேல் காற்றாக வருகிறது. குடை ரிப்பேர்க்காரர் முன்பற்களைக் கொடுத்துவிட்டார். தாடிக்காரருக்கு உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று வெளியில் தெரிவதில்லை. ஆனால் கொஞ்ச நாளாகக் கஞ்சிதான் குடிக்கிறார் என்று அவர் மனைவி சொல்கிறாள். எங்கள் தெருவில் யாரும் இப்போது வாய்விட்டுச் சிரிப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை நானும் போனேன். தெரியாத்தனமாக, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காட்டிவிட்டேன். முதல் அடி முடிவதற்குள் அது கையோடு வந்துவிட்டது. அவளும் உடனே நிறுத்திவிட்டாள்; சிகிச்சை முடிந்துவிட்டதாம். வரும் வாரம் திரும்பவும் போகிறேன். நன்றாக வேர் விட்ட கடைவாய்ப்பல் ஒன்றை டாக்டரே தட்டிப் பார்த்து, அது முழுப் பாட்டுக்கும் தாங்கும் என்று சொன்னார்.