நீல முத்திரைச் சான்றிதழ்

காலைச் சாப்பாட்டில் இரண்டாவது முட்டையை உடைக்கப் போன நேரத்தில்தான் கிளிஃபோர்டு ஆக்டனுக்குச் சேதி வந்தது. மயோர்காத் தீவுக்கு அவர்களைக் கூட்டிவந்த விமானக் கம்பெனி அன்று விடியும்போது திவாலாகிவிட்டது. ஓட்டல் முழுக்க இதே பேச்சு. ஆனால் யாரும் பதறவில்லை. "பயணப் பாதுகாப்பு அமைப்பு எதுக்கு இருக்கு? சான்றிதழைக் காட்டினா பத்திரமா ஊர்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்று சொல்லி இன்னொரு கோப்பை டீ ஊற்றிக்கொண்டார்கள். கிளிஃபோர்டு முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

காரணம் இருந்தது. "நீல முத்திரை போட்ட சான்றிதழ் இல்லாம நம்ம ஊர் ஓல்டாமை விட்டு ஒரு அடி நகரமாட்டேன்" என்று மே மாதமே சொல்லியிருந்தாள் அவர் மனைவி தெல்மா. அவள் தங்கை ஒருமுறை துருக்கியில் மூன்று நாள் விமான நிலையத் தரையில் கிடந்தவள். கிளிஃபோர்டோ விமானத்தை ஓரிடத்திலும் அறையை வேறோர் இடத்திலும் தனித்தனியாக, மலிவாகப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் பாதுகாப்பும் கிடையாது, முத்திரையும் கிடையாது. அதனால் என்ன? நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து சான்றிதழைத் தானே தயாரித்துவிட்டார். அசலே வெட்கப்படும் அளவுக்கு அழகான முத்திரை. தெல்மா வாங்கிப் பார்த்தாள், மடித்தாள், கைப்பையில் வைத்தாள். அன்று முழுக்க அவர் விசிலடித்துக்கொண்டே திரிந்தார்.

இன்று அந்தக் கைப்பை வரிசையில் நிற்கிறது. வரவேற்பறைக் கோடியில் மேசை போட்டு, பாதுகாப்பு அமைப்பிலிருந்து வந்த பார்கெட்டர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சான்றிதழின் எண்ணையும் பட்டியலில் தேடி, அளவுகோல் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் பேனாவைத் தொட்டாள். முன்னால் ஒன்பது பேர்.

"தெல்மா, எனக்குத் தலை சுத்துது. அறைக்குப் போயிடலாம், வா."

"வரிசையை விட்டுட்டா? விழறதுன்னா இங்கயே விழுங்க. இடம் போயிடக்கூடாது."

"சரி, நீ போய் உட்காரு. காகிதத்தை எங்கிட்டக் குடு, நான் பார்த்துக்கறேன்."

"கிளிஃபோர்டு, பையைத் தொடாதீங்க."

வீட்டில் அவர் எப்போதும் கிளிஃப்தான். முழுப்பெயர் முப்பது வருஷத்தில் நான்கு முறை வந்திருக்கிறது. நான்கு முறையும் நல்லபடியாக முடிந்ததில்லை.

முன்னால் நின்ற, பக்கத்து ஊரான போல்டன்காரரின் முதுகைச் சுரண்டினார். "சும்மா கேட்கறேன், காகிதம் இல்லாதவங்களை என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, சொந்தக் காசுல டிக்கெட் கிடைக்கிற வரைக்கும் இங்கயே கிடக்க வேண்டியதுதான்."

"பொய்க் காகிதம் காட்டினா?"

"ஐயோ, அது போலீஸு! நம்மள்ல எவன்யா அந்த மாதிரிக் காரியம் பண்ணுவான்?"

"சேச்சே, யாரு பண்ணுவா" என்றார் கிளிஃபோர்டு.

முன்னால் இரண்டே பேர். ஒரு புதுமணத் தம்பதி. பார்கெட்டர் அம்மாள் பட்டியலை இரண்டு முறை புரட்டினாள். "மன்னிக்கணும், உங்க பேர் இல்லை. அந்தப் பக்கம் நில்லுங்க." அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். கிளிஃபோர்டு தெல்மாவைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் நின்று அழப்போவது தெல்மா. பாவம், எத்தனை நம்பிக்கையோடு அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! போலீஸ் பயம்கூட அப்போது இரண்டாம்பட்சமாகிவிட்டது.

"அடுத்தவங்க!"

தெல்மா பையைத் திறந்தாள். கிளிஃபோர்டு பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"காட்டாத தெல்மா! அது பொய்! நான் பண்ணினது!"

வரிசை மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. ஆங்கிலேயர்களாயிற்றே, எல்லாரும் கூரையைப் பார்த்தபடி காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்தார்கள்.

"எதுக்கு அப்படிப் பண்ணினீங்க?" தெல்மாவின் குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"மிச்சம் பிடிக்கத்தான்."

"மிச்சம் எங்க?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் திறந்த வாய் மூடவில்லை. "புறா வாங்கிட்டேன். பெல்ஜியத்துப் பந்தயப் புறா. என் சிநேகிதன் ஹோரஸ் வீட்டுக் கூண்டுல விட்டிருக்கேன். இனிமே புறாவையே தொடமாட்டேன்னு உங்கிட்ட சத்தியம் பண்ணினதெல்லாம் வாஸ்தவம்தான், ஆனா... ஒண்ணு இல்ல, ரெண்டு."

தெல்மா அவர் கையை விலக்கினாள். காகிதத்தை மேசைமேல் வைத்தாள். அளவுகோல் நகர்ந்தது. பேனா அசைந்தது.

"ஆக்டன், ரெண்டு பேர். சரியா இருக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வாசல்ல பஸ்."

கிளிஃபோர்டுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "அது எப்படி? அது நான் பண்ணின..."

"நீங்க பண்ணினதுல என்ன தேதி போட்டிருந்தீங்க? மே மாசக் கடைசித் திங்கள். வங்கி விடுமுறை, நாட்டுக்கே லீவு. அன்னைக்கு இங்கிலாந்துல எந்த ஆபீஸ் திறந்திருக்கும்? டிக்கெட்டும் அறையும் என் பேர்லதானே பிடிச்சிருந்தீங்க. போன் பண்ணி ரெண்டையும் ரத்து பண்ணினேன். கடைத்தெரு டிராவல் ஏஜென்டுகிட்ட அதே விமானம், அதே ஓட்டல், முத்திரையோட வாங்கினேன்."

"அப்ப... உனக்கு எல்லாமே முன்னாடியே தெரியுமா?"

தெல்மா கைப்பையைச் சாத்தினாள்.

"சான்றிதழ் தெரியும், கிளிஃபோர்டு. புறாதான் தெரியாது."