பதினாலாம் நம்பர் டோக்கன் ரெண்டு லாரிக்கு விழுந்தது சம்பந்தமாக

கோச்சடை,
புதன்கிழமை, ரெண்டாவது காப்பிக்குப் பிறகு.

உயர்திரு வைகைக்கரைக் காய்கறி மண்டிக்காரர் சங்கச் செயலாளர் அழகுபாண்டி அவர்களின் சமூகத்துக்கு, கோச்சடை காளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவி அன்னக்கொடியும், மகன் ராம்கியும், மருமகள் ரோகிணியும் சுகம். சமயநல்லூரில் தாங்களும், தங்கள் சர்க்கரையும், தங்கள் மீசையும் அளவோடு இருக்க அழகரை வேண்டுகிறேன். நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தாங்கள் அஞ்சாம் வகுப்பையே பாதியில் விட்டவர் என்பதால் பிழை தெரியாது என்றும் நம்புகிறேன்.

சந்தை வாசலில் லாரிகளுக்கு டோக்கன் போடும் கம்ப்யூட்டர் வேலையை என் மருமகள் நாலு வருஷமாகப் பார்த்து வருகிறாள். திங்கட்கிழமை காலை நடந்த குளறுபடிக்கு வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சங்கத்தில் இருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அடியில் தங்கள் கையெழுத்து. அக்கா வீட்டு மருமகளுக்கு நோட்டீஸ் அனுப்பின மொத தம்பி நீதான் மாப்ள. அவ பதில் எழுத மாட்டேங்கிறா. அதனால நான் எழுதுறேன். இது அவளுக்குத் தெரியாது.

மொதல்ல ஒனக்குக் கன்டெய்னர்னா என்னான்னு தெரியணும். தெரியாமத்தான் நோட்டீஸ் போட்டுருக்க. எங்க மாடியில ஒரு பெட்டி இருந்துச்சு, அதுதான் சர்வர். அதை ஒரு வளவுன்னு வச்சுக்க. ஒரே வளவுக்குள்ள அஞ்சு குடித்தனம். டோக்கன் போடுறது ஒரு குடித்தனம், எடை எழுதுறது ஒண்ணு, வெவசாயிக்கு மெசேஜ் அனுப்புறது ஒண்ணு, இப்படி. அம்புட்டுப் பேருக்கும் கிணறு பொது, அடுப்பு தனி. ஒருத்தன் வீட்டுல சட்டி ஒடஞ்சா அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியாது. அந்தக் குடித்தனம் ஒவ்வொண்ணும் ஒரு கன்டெய்னர். கிணறு இருக்கே, அதுதான் லினக்ஸு, பெட்டியவே ஓட்டுற புரோகிராமு. இதை ரோகிணி எனக்குச் சொல்லும்போது ராம்கியும் பக்கத்துலதான் இருந்தான். எனக்குப் புரிஞ்சுச்சு. அவன் இன்னும் கிணத்துலயே நிக்கிறான்.

பழைய பெட்டிக்கு வயசாகிப்போச்சு. சூடும் இரைச்சலும் உங்க அக்கா கணக்கா. அதனால புதுப்பெட்டி ஒண்ணு வந்து எறங்குச்சு. ஞாயித்துக்கெழமை சந்தை லீவு. அன்னைக்கு எம் மருமக அஞ்சு குடித்தனத்தையும் ஒண்ணொண்ணா நிறுத்தி, சட்டி பானை மொதக்கொண்டு மூட்டை கட்டி, ஒயர் வழியாப் புதுப்பெட்டிக்கு அனுப்பி, அங்க மூட்டையைப் பிரிச்சுக் குடிவச்சா. கதவு நம்பரைக்கூட மாத்தல மாப்ள. பழைய எடத்துல என்னா நம்பரோ அதேதான் புது எடத்துலயும். அப்பத்தான் சந்தை வாசல் மெஷினு பழக்கப்பட்ட நம்பரைத் தேடி வந்து டோக்கன் வாங்கிட்டுப் போகும்.

நடுவுல ஒரு சிக்கல் வந்துச்சு. புதுப்பெட்டியோட வழக்கம் வேற. மூட்டையைப் பிரிச்சதும், உள்ள இருந்த சாமான் அம்புட்டுக்கும் சொந்தக்காரன் ‘யாருமில்ல’ன்னு காட்டுது. சாமான் கண்ணு முன்னாடி இருக்கு, தொட விட மாட்டேங்குது. கண்மாய்க்கரை நெலத்துக்குப் பட்டாவுல பேரு மாத்த நான் எத்தனை வருஷம் நடந்தேன், எத்தனை செருப்புத் தேஞ்சுச்சுன்னு ஒனக்கே தெரியும். எம் மருமக உக்காந்த எடத்துல, ஒரு டம்ளர் மோரு குடிக்கிற நேரத்துல, ஆயிரக்கணக்கான சாமானுக்குப் பட்டா மாத்துனா. நான் பின்னாடி நின்னு பாத்தேன். நெஞ்சு நிமிந்துபோச்சு. வேட்டி அவுந்துபோச்சு, அதைக் கவனிக்கல.

ரெண்டு மணிக்கெல்லாம் வேலை முடிஞ்சுச்சு. பழைய பெட்டியை நிறுத்திட்டு, “ஒரு வாரம் அப்படியே கெடக்கட்டும் மாமா, புதுசுல ஏதும் கோளாறுன்னா ஒதவும்”னு சொல்லிட்டு, ராம்கியைக் கூட்டிக்கிட்டு சந்தை வாசல் மெஷினைச் சோதிச்சுப் பாக்கக் கெளம்பிட்டா.

இனிமேதான் குத்தம். நான் மாடியில தனியா நின்னேன். பழைய பெட்டி இருட்டாக் கெடந்துச்சு. அஞ்சு குடும்பம் நாலு வருஷம் பொழச்ச எடம். நம்ம சனத்துல குடி மாறிப் போறவக பழைய வீட்டுல வெளக்கேத்தி வச்சுட்டுத்தான படி எறங்குவாக. இருட்டாப் போட்டுட்டுப் போனா போன எடம் வெளங்குமா? சூடம் கொளுத்தலாம்னு பாத்தா, அந்த ரூமுல நெருப்பே கூடாதுன்னு ரோகிணி சொல்லியிருக்கா. மருமக பேச்சை நான் மீறுறதில்ல. அதனால பெட்டியில இருந்த சுவிட்ச்சை அமுக்குனேன். சின்னதா ஒரு பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. கும்புட்டுட்டு எறங்கி வந்து கறிச்சோறு சாப்புட்டேன்.

மூட்டை கட்டி அனுப்புனது நகலாம் மாப்ள. அசல் அஞ்சு பேரும் பழைய பெட்டிக்குள்ளயே தூங்கிக்கிட்டுத்தான் இருந்துருக்காங்க. நான் லைட்டப் போட்டதும் முழிச்சுக்கிட்டாங்க. இப்பப் பாரு, ரெண்டு வளவு, ஒரே கதவு நம்பரு. சந்தை மெஷினு கூப்புட்டா ஒரு தடவை இவன் ‘என்னா’ங்கிறான், ஒரு தடவை அவன் ‘என்னா’ங்கிறான்.

திங்கக்கெழமை விடிஞ்சதும் தக்காளி லாரிக்கும் பதினாலு, பூசணிக்கா லாரிக்கும் பதினாலு. பெறகு நடந்ததை வெங்காயக் கடை முகம்மது கனி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிட்டேன்.

“பதினாலு என்னுது, லாரியை எடுய்யா”ன்னானாம் தக்காளிக்காரன்.

“ஒன்னுது பதினாலுன்னா என்னுது என்னா, பதினாலரையா?”

“தக்காளி நசுங்கிப்போகும்யா.”

“அப்ப எம் பூசணிக்கா மட்டும் கருங்கல்லா?”

நீ நடுவுல பாஞ்சு, “ஏப்பா, நான் யாருன்னு தெரியும்ல”ன்னு மீசையை முறுக்குனியாம். “தெரியலண்ணே, ஒங்களுக்கு என்னா நம்பரு”ன்னு பூசணிக்காக்காரன் கேட்டானாம். நோட்டீஸ் எதுக்கு வந்துச்சுன்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு.

ரோகிணி வந்து, வெங்காய மூட்டை மேல லேப்டாப்பை வச்சுப் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டா. ஒரே நம்பருல ரெண்டு பேரு பேசுறாங்கன்னு. எனக்குப் போனு போட்டா.

“மாமா, மாடியில ஏதாச்சும் லைட்டு எரியுதா?”

“எரியுதும்மா. நேத்துப் போட்டது, இன்னும் அணையல.”

அங்க லேப்டாப்பை மூடுற சத்தம் கேட்டுச்சு.

“யாரு மாமா போட்டது?”

“நாந்தாம்மா. இருட்டாக் கெடந்துச்சுல்ல.”

“சரி மாமா. அமத்திட்டு ஒயரையும் உருவிருங்க. ஒண்ணுமில்ல, பயப்படாதீக.”

நான் உருவுனேன், அங்க லாரி நகந்துச்சு. பெறகு அத்தனை வியாபாரிக முன்னாடியும் அவ என்னா சொன்னா தெரியுமா? “தப்பு என்னோடதுதான். பழசை யாரு எழுப்பினாலும் உள்ள இருக்குறது தானா எந்திரிக்காத மாதிரி நான் பண்ணி வச்சிருக்கணும்.” அம்புட்டுத்தான். எம் பேரை எடுக்கல. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நானும் ரெண்டு சத்தம் போட்டுட்டு நிம்மதியாப் படுத்திருப்பேன். கேக்காமப் போயிட்டா. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல.

ஆகையால் சங்கத்துக்குத் தெரிவிப்பது என்னவென்றால், குற்றம் முழுவதும் காளையாகிய என்னுடையது. மண்டியில நாலு சாக்கை இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு மாத்துனா மூணு சாக்குத்தான் போயிச் சேருது, அதுவும் நீ பக்கத்துல நிக்கையில. அவ அஞ்சு குடித்தனத்தை ஊசி கொறையாம மாத்திக் குடுத்துருக்கா. நேத்தும் இன்னைக்கும் ஒரு டோக்கன் பிசகுச்சா? அப்பேர்ப்பட்ட ஆளை விட்டுட்டு வேற யாரைத் தேடப் போற? தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடு. சந்தை வாசல்ல நின்னு லாரி லாரியாச் சாக்பீஸுல நம்பர் போடுறேன்.

ஒன் அக்கா கேட்டதாச் சொல்லச் சொன்னா. நோட்டீஸைப் பாத்ததுல இருந்து ஒன்னைய ‘தம்பி’ங்கல, ‘செயலாளர்’ங்கிறா. ஒன் மண்டி நெறையட்டும், பிள்ளைக வெளங்கட்டும், மீசையில அடிக்கிற டை மூணு வாரம் நிக்கட்டும்.

இப்படிக்கு,
ரோகிணியின் மாமனார்,
காளை.

பின்குறிப்பு: இந்தக் கடுதாசிக்கு நகல் ஒண்ணு எடுத்து முகம்மது கனி கையில குடுத்திருக்கேன். வெள்ளிக்கெழமை கூட்டத்துல வாசிப்பாரு, அவருக்குத் தொண்டை பெருசு. மேல, மாடியில நான் தனியா நின்னேன்னு எழுதியிருக்கேன்ல, அது ஒனக்காக எழுதுனது. ஞாயித்துக்கெழமை கறிச்சோறு திங்க வந்த எடத்துல எம் பின்னாடியே மாடியேறி வந்து, “என்னா மச்சான், குடிபோன வீட்டை இப்படி இருட்டாப் போட்டு வச்சிருக்கீக”ன்னு என்னைய வைதது நீ. சுவிட்ச்சை அமுக்குனதும் நீ. நான் கும்புட மட்டுந்தான் செஞ்சேன். கனிகிட்ட இருக்குற நகல்ல இந்தப் பின்குறிப்பு இல்ல. சேக்கணுமா வேணாமான்னு வெள்ளிக்கெழமைக்கு முந்திச் சொல்லிவிடு மாப்ள.