மூஞ்சி மாஸ்டரும் தலைமையாசிரியரின் சிரிப்பும்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரைக்கும், மூஞ்சி மாஸ்டரிடம் மூஞ்சியை மறைத்துத் தப்பித்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நாடகம் போட்டுப் பிள்ளைகளுக்கு உணர்ச்சிகளைப் புரியவைக்க, நான் வேலை பார்க்கும் மலைப் பள்ளிக்கு ஒரு வருஷத்துக்கு அனுப்பப்பட்டவர் அவர். பெயர் நாங்கள் வைத்தது.

பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தால் தொல்லையில்லை. பஸ்ஸில் எரிந்து விழுந்த கண்டக்டரிடம், "இது கோவம் இல்லீங்க, பசி" என்று வாழைப்பழத்தை நீட்டினார். ஸ்டாஃப் ரூமில் அறிவியல் டீச்சர் என் புதுப் புடவையைப் பாராட்டியபோது, "பாராட்டு கம்மி, பொறாமை ஜாஸ்தி" என்று டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் ஆதார் கார்டு போட்டோ மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

எங்கள் தலைமையாசிரியருக்குத் தெரிந்த உணர்ச்சிகள் இரண்டுதான்: ஒழுக்கம், திமிர். மாஸ்டர் ஏழாம் வகுப்பில் பயந்த முகத்தைக் காட்டி, "இது இன்னா?" என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் "மரியாதை சார்" என்றது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வகுப்பில் கௌசல்யா என்று ஒரு பெண். திட்டினால் சிரிப்பாள். ஜாஸ்தி திட்டினால் ஜாஸ்தி சிரிப்பாள். ஒருநாள் தலைமையாசிரியர் திட்டும்போதும் சிரித்துவிட்டாள்.

"திமிரு. நாளைக்கு உங்கப்பாவ வரச் சொல்லு, டி.சி. வாங்கிக்கினு போவட்டும்."

அதற்கும் சிரித்தாள். பள்ளியை விட்டு நின்றால் அவளுக்குக் காட்டு வேலை, இல்லாவிட்டால் கல்யாணம். ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன்.

மாஸ்டர் நேராகத் தலைமையாசிரியரிடம் போனார். "சார், நீங்க வந்து நடிச்சாதான் பசங்களுக்கு ஒழுக்கம் புரியும்."

ஒழுக்கம் என்றால் அவர் எங்கே வேண்டுமானாலும் வருவார். வந்தவரை மாணவனாக நிறுத்திவிட்டு, மாஸ்டர் தலைமையாசிரியர் ஆனார். ஸ்கேலால் மேசையைத் தட்டினார்.

"எங்கடா ஹோம்ஒர்க்கு? இன்னா முழிச்சிக்கினு நிக்கிற? கைய நீட்டு."

குரல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கிற பார்வை எல்லாம் அச்சு அசல். வகுப்பே பார்க்க, தலைமையாசிரியர் கையை நீட்டினார். உதடு ஒரு பக்கம் இழுத்தது. பல் தெரிந்தது. அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது.

முன் பெஞ்சிலிருந்து கௌசல்யா எழுந்தாள்.

"பயமா இருக்குதுங்களா சார்? எனக்கும் இப்படித்தான் வரும்."

தலைமையாசிரியர் கையை மடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் வந்து நின்ற கௌசல்யாவின் அப்பாவிடம், "சும்மா பாத்துப் பேசலாம்னுதான் கூப்ட்டேன். பொண்ண நல்லா படிக்க வைங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

வருஷம் முடிந்ததும் மாஸ்டரைச் சின்னசேலம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. வழியனுப்பப் போனபோதுகூட அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பஸ் படியில் கால் வைத்தவர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர், எனக்கும்தான்" என்றார்.