சின்னப் போத்தலும் கூட வந்த பெட்டியும்

நான் பியர் குடிப்பதில்லை. அதன் மணமே எனக்குப் பிடிக்காது. இருந்தும் எங்கள் இரண்டு குடும்பத்திலும் 'பியர்க்காரி' என்றால் அது நான்தான். இந்தப் பட்டம் எனக்குக் கிடைத்தது என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. மற்றப் பெண்கள் அந்த நாளில் அடக்கமானவள், பொறுமையானவள் என்று பெயர் எடுப்பார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது பெரியவர்கள் பேசி முடித்த பேச்சுக்கால் கல்யாணமே அல்ல. பீல் நகரத்தில் இருந்த சுகந்தனும் வில் நகரத்தில் இருந்த நானும் ஏற்கெனவே காதலித்துக்கொண்டிருந்தோம். ஆனால் காதல் என்ற சொல்லைக் கேட்டாலே சுகந்தனின் அம்மாவுக்குத் தலையிடி வந்துவிடும். தன் மகன் தான் பார்க்கிற பெண்ணைத்தான் கட்டுவான் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். ஆகவே ஒரு தரகரைப் பிடித்து, குறிப்பு கைமாறி, எல்லாம் முறைப்படி நடப்பதாக ஒரு நாடகம் போட்டோம். என் பெற்றோருக்கும் தெரியாது. சனிக்கிழமை பின்னேரம் அவர்கள் வருவார்கள்; நானும் சுகந்தனும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் கண்டு வெட்கப்பட வேண்டும். (கண்ணாடிக்கு முன் நின்று பழகிப் பார்த்தேன். நான் வெட்கப்பட்டால் தும்மல் வரப்போகிறவள் மாதிரி இருந்தது.)

அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ வருங்கால மாமாவை எப்படியாவது என் பக்கம் சாய்த்துவிட வேண்டும் என்ற ஆசை. சுகந்தனின் அப்பா மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், வாய் திறந்து கதைக்காதவர். அவருக்கு ஒரேயொரு பைத்தியம்தான். சின்னச் சின்ன இடங்களில் கொஞ்சமாகக் காய்ச்சி விற்கும் பியர்களைத் தேடி வாங்குவார். குடித்து முடித்த போத்தலைக் கழுவித் துடைத்து அலுமாரியில் அடுக்கி வைப்பார். வில்லில் வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் விற்பனைக்கு வரும் ஒரு கறுப்பு பியர் இருந்தது. வைன் பீப்பாயில் ஊறப்போட்டு, மூடியில் சிவப்பு மெழுகு பூசிய சின்னப் போத்தல். மாமா பீலிலிருந்து வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோய்விடும் என்று சுகந்தன் கவலையோடு சொல்லியிருந்தார். அது அந்த வருடம் விற்பனைக்கு வந்ததும் அதே சனிக்கிழமை காலையில்தான். கடவுளே வழி காட்டுகிறார் என்று நினைத்தேன். கடவுளுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பின்னர் தெரிந்தது.

தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, அதை ஒரு தொப்பியால் மூடிக்கொண்டு, சைக்கிளில் போனேன். கடை வாசலில் வரிசை. எல்லோருக்கும் தாடி. தாடி இல்லாமல் நின்றது நானும் ஒரு கைக்குழந்தையும்தான். என் முறை வந்தபோது கடைக்காரர் சின்னப் போத்தலை மேசையில் வைத்தார். பிறகு குனிந்து ஒரு முழுப் பெட்டியைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தார். அது கோடையிலிருந்து விலைப்படாமல் கிடந்த வேறொரு பியர். சின்னப் போத்தல் வேண்டுமென்றால் அந்தப் பெட்டியையும் வாங்கத்தான் வேண்டுமாம். தனியே தரமாட்டாராம்.

"கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டது," என்றார், என் முகத்தை நன்றாகப் பார்த்து. "உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்."

வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறவர்களோடு மணிக்கணக்கில் வாதாடுகிறவள் நான். அன்றைக்கு 'வேண்டாம்' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. பின்னால் அத்தனை தாடிகளும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. "கேர்ன்," என்றேன். (தாராளமாக, சந்தோஷமாக என்று பொருள். இந்த நாட்டில் நான் முதலில் பழகிய சொல். எனக்கு வந்த கரைச்சல்களில் பாதி அதனால் வந்ததுதான்.)

பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டி, கலகலவென்று சத்தம் கேட்க உருட்டிக்கொண்டு வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் கெல்லரில் ஒளித்தேன். கெல்லர் என்றால் கட்டடத்தின் அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்திருக்கும் நிலக்கீழ் அறை. எங்கள் அறையில் அரிசி மூட்டை, சோறு காய்ச்சும் பெரிய கிடாரம், மடக்குக் கதிரைகள் எல்லாம் கிடந்தன. பெட்டியின் மேல் சின்னப் போத்தலைப் பத்திரமாக வைத்தேன். சுகந்தன் போகும்போது மெல்ல எடுத்துக்கொண்டு போய், பிறகொரு நாள் அப்பாவிடம் கொடுப்பார். அதுதான் திட்டம்.

ஒரு காரில் வருவோம் என்றவர்கள் இரண்டு காரில் வந்தார்கள். சுகந்தனின் அம்மாவான மாமி பட்டுச்சேலையில் நடுவில் அமர்ந்து, வீட்டையும் என்னையும் ஒரே பார்வையில் அளந்தார். மாமியின் தங்கைமாருக்கு இருக்க இடமில்லை. அப்பா எழும்பினார்.

"கெல்லரிலை கதிரை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."

"நானும் வாறன், அண்ணை," என்று மாமாவும் பின்னால் போனார். அவருடைய கண்ணாடி தேத்தண்ணி மேசையிலேயே கிடந்தது.

போனவர்கள் வரவேயில்லை. பயத்தம் பணியாரம் முடிந்தது. தேத்தண்ணி ஆறியது.

"கதிரை எடுக்கப் போனவையோ, கதிரை செய்யப் போனவையோ?" என்றார் மாமி.

"சீதனம் கதைக்கினமோ தெரியாது," என்றார் அவருடைய தங்கை.

மாமியின் முகம் கறுத்தது. "சீதனம் வேண்டாமெண்டு சொல்லித்தானே வந்தனாங்கள்? இந்த மனுசன் அங்கை என்னத்தைக் கேக்குது?"

அம்மா ஆறிய தேத்தண்ணியையே திரும்பவும் ஊற்றத் தொடங்கினார். அப்போது என் கைத்தொலைபேசியில் சுகந்தனின் செய்தி வந்தது: 'போத்தலை எங்கை வைச்சனீர்?' குசினிக்குள் போய் 'கெல்லரிலை' என்று அனுப்பினேன். திரும்பி வந்தபோது சுகந்தனுக்கு வேர்த்துக் கொட்டியது. "பெடியன் வெக்கப்படுறான்," என்று ஒரு தங்கை ரசித்தார்.

"நானே போய்ப் பாக்கிறன்," என்று மாமி எழும்பினார். அவர் எழும்பினால் யார் இருப்பது? ஐந்தாறு பட்டுச்சேலைகளும் மாப்பிள்ளையும் நானும் படியிறங்கினோம்.

கீழே ஒரே இருட்டு. அங்குள்ள விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். இருட்டுக்குள் அப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

"குடியுங்கோ அண்ணை. அசல் மல்லித்தண்ணி. தடிமனுக்கும் இருமலுக்கும் நல்லது."

மாமி விளக்கைப் போட்டார். எங்களுக்காக எடுக்கப்போன கதிரைகளை விரித்து இரண்டு பேரும் சொகுசாக இருந்தார்கள். சுற்றிவர வெறும் போத்தல்கள். அப்பா எழும்பி அம்மாவைப் பார்த்தார்.

"நீர்தானே இவைக்கெண்டு வாங்கி வைச்சனீர்?"

"நானோ?" என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மாமா அப்பாவின் காலடியில் கிடந்த சின்னப் போத்தலைக் கண்டார். எடுத்து, கையை நீட்டித் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். சிவப்பு மெழுகைத் தடவினார். கவிழ்த்துப் பார்த்தார்.

"இதை ஆர் குடிச்சது?"

"நான்தான், அண்ணை. வந்த ஆளுக்குப் பெரிசைக் குடுக்கிறதுதானே முறை. சின்னதை நான் எடுத்தன். சரியான கைப்பு! ஒரு வாய் குடிச்சிட்டு மிச்சத்தை உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குள்ளை ஊத்திப்போட்டன்."

மாமா தொட்டியின் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ரை அம்மா செத்த அண்டைக்கும் இந்த மனுசன் உப்பிடி முகத்தை வைச்சிருக்கேல்லை," என்றார் மாமி. பிறகு சுற்றிவரப் பார்த்தார். "உதெல்லாம் ஆர் வாங்கினது?"

"நான், மாமி." வேறு என்ன செய்வது? வரிசை, பெட்டி, கடைக்காரர் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். நான் கேட்டது ஒரு போத்தல்தான், மிச்சமெல்லாம் கட்டாயத்தில் வந்தது, மாமாவுக்கு விருப்பம் என்றுதான் வாங்கினேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

"அது சரி," என்றார் மாமி, மிகவும் அமைதியாக. "இவருக்கு உது விருப்பமெண்டு உனக்கு ஆர் சொன்னது, பிள்ளை?"

அந்தக் கணத்தில் விளக்கு அணைந்தது.

பகிடியாகச் சொல்வதெல்லாம் இப்போதுதான்; அன்றைக்கு அந்த இருட்டில் நின்று, சுகந்தன் எனக்கு இல்லை என்றே நினைத்து அழத் தொடங்கிவிட்டேன்.

"நான்தான் சொன்னனான், அம்மா," என்றது சுகந்தனின் குரல். "எனக்கு இவவைக் கன நாளாய்த் தெரியும். இவவைத்தான் கட்டுவன்."

"லைட்டைப் போடு. முகத்தைப் பாக்கவேணும்."

போட்டார்கள். மாமி மகனைப் பார்த்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார், வெறும் போத்தலைக் கட்டிப்பிடித்திருந்த தன் புருஷனைப் பார்த்தார்.

"போன முறை ஊருக்குப் போகேக்கை பால்மாப் பைக்கட் கேட்டனான். ரெண்டு கட்டிச் சவர்க்காரமும் எடுத்தால்தான் தருவன் எண்டவன் கடைக்காரன். உந்த வியாபாரம் இஞ்சையும் வந்திட்டுதோ?" கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "சரி, நானும் அப்பிடியே செய்யிறன். என்ரை மகன் வேணுமோ? தனியத் தரமாட்டன். இந்த மனுசனையும் சேர்த்து எடு. திருப்பி எடுக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

எனக்கு வாயில் வந்தது ஒரே சொல்தான். "கேர்ன்!" என்றேன்.

மாமி சொன்ன சொல் தவறவில்லை. மாமா ஓய்வுபெற்றதும் இருவரும் பீலை விட்டு எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடிக்கே வந்துவிட்டார்கள். புது ஆட்களிடம் மாமா தன்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "நான் கட்டாயத்திலை கூட வந்த சாமான்."

அந்தக் கறுப்பு பியரை அந்த வருடத்தோடு காய்ச்சாமல் விட்டுவிட்டார்கள். மல்லிப் பியர் மட்டும் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. உலகத்தில் மாமாவுக்குத் தெரிந்து அந்தக் கறுப்பு பியரை ருசித்த ஒரே மனிதர் என் அப்பா. அதனால் எந்த விசேஷத்திலும் சாப்பாடு முடிந்ததும் மாமா கதிரையை நெருக்கி இழுத்துப் போடுவார்.

"சம்மந்தி, அது எப்பிடி இருந்தது?"

முதல் வருடம் அப்பா, கைப்பு என்று மட்டும் சொன்னார். மாமாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். வருடத்துக்கு வருடம் ஏதாவது சேர்த்துக்கொண்டே வருகிறார். கோப்பி மாதிரி, பனங்கட்டி மாதிரி, கருகின பாண் மாதிரி என்று வளர்ந்துவிட்டது. போன கிழமை மகளின் பிறந்தநாளில் பேரீச்சம்பழமும் வந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, விழுங்கி விழுங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய்தான் குடிச்சது," என்றார் குசினியிலிருந்து மாமி. "உந்த ரெண்டையும் இனி எந்தக் கடைக்காரன் திருப்பி எடுப்பான்?"