தாகூர் தாடிக்கு நடந்த போர்

திருவேற்காட்டு அடுக்ககத்தின் இரண்டாம் மாடி வேந்தன், லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் நிலைகுலையா நெஞ்சன், மனைவி சொல்லின் முதல் பாதியை மட்டுமே ஏற்கும் செவியன், திருமுருகன் வாழ்க, அவன் ஹெல்மெட் வாழ்க!

அன்று மாலை அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. தலைப்பு, நோபல் பரிசு வென்றோர். சென்ற ஆண்டு வேடம் எடுத்துவர மறந்து, மகள் வர்ஷாவைப் பள்ளிச் சீருடையிலேயே 'மாணவி' என்று மேடையேற்றிய பழி அவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. ஊரே சிரித்தது, பிள்ளை அழுதது.

"இந்த வருஷம் நீதான்டா தாகூர். தாடி இல்லாம அப்பா திரும்ப மாட்டேன்" என்று வஞ்சினம் உரைத்தான். "ஏங்க, அதுக்கு வீட்லயே..." என்று மனைவி ராணி வாய்திறந்தபோது ஹெல்மெட் காதை மூடிவிட்டது.

புழுதி வானளக்க, பள்ளம் பல பாய்ந்து, ஷேர் ஆட்டோப் பெரும்படையை ஊடறுத்து, பூந்தமல்லி வாடகை உடைக் கடையை அடைந்தவன் கண்டது யாரை? மூன்றாம் மாடி ஸ்ரீகாந்தை. மகனை ஐன்ஸ்டீன் ஆக்க வந்தவன். கடையில் எஞ்சியதோ ஒரே ஒரு வெள்ளை முடி செட்டு. தலைமுடி, தாடி, மீசை மூன்றும் அதில் அடக்கம்.

"நான்தான் சார் மொதல்ல தொட்டேன்" என்று திருமுருகன் முழங்க, "நேத்தே போன்ல சொல்லி வச்சிட்டேன் சார்" என்று ஸ்ரீகாந்த் எதிர்முழங்க, ஒருவன் தாடியையும் ஒருவன் தலைமுடியையும் பற்றித் தேர்வடம் இழுப்பதுபோல் இழுக்க, இயற்பியலுக்கும் இலக்கியத்துக்கும் நடுவே நைலான் மயிர் பறந்து கடையெங்கும் தும்மல் ஒலி எழுந்தது.

கடைக்கார வேம்புலியம்மாள் கத்தரிக்கோலோடு எழுந்தாள். "இன்னாத்துக்கு நைனா அட்ச்சிக்கினு கீறீங்க? தலமுடி அந்தாளுக்கு, தாடி உனுக்கு. எட்த்துகினு கெளம்புங்க." மீசை இருவருக்கும் வேண்டியிருந்ததால் அதையும் நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தாள். நீதி என்றால் அது நீதி.

முழுத் தாடியும் அரை மீசையுமாக, வாகை சூடிய வேந்தன் வீடு புகுந்தான். பழி துடைத்த களிப்பில் கண் பனிக்க, மகளின் பிஞ்சு முகத்தில் வெற்றிப்பொருளை ஒட்டினான். அவள் ஒருகணம் பொறுத்தாள். பிறகு பிய்த்து அவன் மடியிலேயே போட்டாள்.

"அரிக்குதுப்பா."

சாயங்காலம் வர்ஷா, ராணி காலையிலேயே இஸ்திரி போட்டு வைத்திருந்த அப்பாவின் நீலக்கரை வேட்டியைச் சுற்றிக்கொண்டு அன்னை தெரசாவாகப் போனாள்.