பதினொரு பேரும் எட்டு கெப்சூலும்

ஒரு கோப்பி மிஷினை நம்பிக் கல்யாணம் பண்ணப் பார்த்தவள் நான். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

எட்டு வருடங்களுக்கு முன்னால் ஈப்போவில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். கூட வேலை பார்த்த சுகந்தனைக் காதலித்தேன். அவன் குடும்பம் யாழ்ப்பாணத்து வழி, தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். நாங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள். அம்மா கல்யாணம் ஆகும்வரை பால்மரம் வெட்டியவள், பிறகு பள்ளிக் கேண்டீனில் கோப்பி கலக்கியவள். "அம்மா ஓமெண்டு சொன்னாத்தான்" என்று சுகந்தன் முன்பே கையை விரித்துவிட்டான். (பெரிய வீரன்!)

அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த மறுநாளே கெப்சூல் மிஷின் வாங்கிவிட்டேன். தவணையில்தான். தூள் அடைத்த ஒரு கெப்சூலைப் போட்டுப் பட்டனைத் தட்டினால் நுரையோடு ஒரு கப் கோப்பி இறங்கும். தூள் சிந்தாது, வடிகட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் தோட்டத்து வாடையே அடிக்காது என்றும் நம்பினேன்.

அம்மா ஒரு கெப்சூலை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இது ஒண்ணு எவ்ளோ?"

"ரெண்டு வெள்ளிம்மா."

"ரெண்டு வெள்ளியா! அதுக்குக் கடையில கோப்பியும் குடுத்து உக்கார நாற்காலியும் போடுவான்லா."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எரிந்து விழுந்தேன். "அவங்க வர்ற அன்னிக்கு நீ கோப்பி கலக்குற எனாமல் ஜக்கக் கண்ணுல காட்டிராதம்மா. நீ அடுப்புப் பக்கமே வராத. மானம் போயிரும்."

அம்மா ஜக்கைக் கழுவித் துடைத்து, சிங்க்குக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சித்தியவானிலிருந்து சுகந்தனின் பெரியப்பா குடும்பமும் சேர்ந்துகொள்ள, வேனிலிருந்து பதினொரு பேர் இறங்கினார்கள். பெட்டியில் இருந்ததே பத்து கெப்சூல். அதில் இரண்டை ஒத்திகையிலேயே தீர்த்திருந்தேன். மீதி எட்டு.

முதல் கோப்பியைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் வரட்டும் பிள்ளை" என்றார். பக்கத்தில் இருப்பவர் கை வெறுமையாக இருக்கும்போது நம் ஆட்கள் யார் குடிப்பார்கள்? மிஷின் செய்தவனுக்கு இது தெரியாது, சரி. வாங்கியவளுக்குப் புத்தி எங்கே போனது?

ஒவ்வொரு கப்புக்கும் அந்த மிஷின் இளைப்பு நோய்க்காரர் போல இழுத்தது. ஐந்தாவதில் தண்ணீர் தீர்ந்தது. ஆறாவதில் சிவப்பு விளக்கு எரிந்து, தீர்ந்த கெப்சூல் குப்பையைக் கொட்டினால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தது. கூடத்தில் கப் கிடைத்தவர்கள் ஆறிப்போன கோப்பியோடும், மற்றவர்கள் வெறுங்கையோடும் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்வாசலில் பட்டுச்சேலையோடு நின்ற அம்மா, "நான் போடட்டா?" என்றாள்.

"பேசாம இரும்மா!"

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இதையேதான் சொன்னேன்.

எட்டும் முடிந்தது. குப்பையிலிருந்து ஒரு கெப்சூலை எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். வந்தது வைக்கோல் நிறத்தில் ஒரு தண்ணீர். கடைசியில் இருக்கும் பொடிசுகளுக்குத்தானே, என்ன தெரியப்போகிறது என்று எண்ணினேன். ஆனால் சுகந்தனின் அம்மா தன் முறையைச் சின்னவர்களுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒன்பதாவது கப் நேராக அவரிடமே போய்ச் சேர்ந்தது.

பத்தாவதற்கு இன்னொரு பழைய கெப்சூலைப் பொறுக்கும்போது, கையில் கப்போடு அவர் அடுப்படிக்குள் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, ஒண்டையே ரெண்டு தரம் போடுறியோ?"

அத்தனையும் போச்சு என்று நினைத்தேன்.

"நானும் அப்பிடித்தான்" என்றார் குரலைத் தாழ்த்தி. "எங்கட வீட்டிலயும் இந்த மிஷின் ஒண்டு கிடக்கு. அந்த விலைக்கு ஒரே தரத்தோட எறிய மனசு வருமோ?" பிறகு பின்வாசல் பக்கம் திரும்பினார். "அக்கா, தூள் இருக்கோ? ஒரேயடியா எல்லாருக்கும் போடுவம், வாங்கோ."

அம்மா உடனே நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தன் வீட்டில், தன் அடுப்பைத் தொட, என் உத்தரவுக்காகக் காத்து நின்றாள். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. தலையை ஆட்டினேன்.

பத்தே நிமிடம். பதினொரு பேரும் ஒன்றாகக் குடித்தார்கள், பெரியப்பா இரண்டு முறை. அடுத்த மாதமே பரிசம் போட்டார்கள்.

மிஷின் இன்னும் இருக்கிறது. தனியாக எழும் காலையில் எனக்கு அது சௌகரியம்தான், பொய் சொல்ல மாட்டேன். பெரியப்பா மட்டும் எந்த விசேஷத்தில் நான் கோப்பித் தட்டோடு போனாலும், "இது முதல் தண்ணியோ, ரெண்டாம் தண்ணியோ பிள்ளை?" என்று சபையறியக் கேட்பார்.

இந்தக் கதையை இன்னும் கேட்காதவர்களுக்கு அம்மா முழுவதையும் நடித்தே காட்டுவாள். வேன் வரும், சிவப்பு விளக்கு வரும், நான் குப்பையைக் கிளறியது இரண்டு தடவை வரும். அடுப்புப் பக்கம் வராதே என்று நான் சொன்னது மட்டும், இந்த எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவள் கதையில் வந்ததில்லை.